நிலைவாசல் – 11: கருமணலில் பிறந்த வெள்ளை

குளச்சலிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால் மண்டைக்காடு; அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. அங்கே அலை ஏறி இறங்கிய இடங்களில் மணல் கறுத்துக் கிடக்கும். அது அழுக்கல்ல. இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனசைட், கார்னெட் என்று கனமான கனிமங்களைக் கடலே சலித்துக் கரையில் ஒதுக்கிவைத்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான், 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்து இவற்றைப் பிரித்தெடுக்கிறது.

வீடுகளின் வெள்ளை நிறம் இந்தக் கறுப்பு மணலுக்குள்தான் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடி கிடைக்கிறது. பெயிண்டுக்கு வெண்மை தருவது அதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அது ஆலைச் சரக்காக வரத் தொடங்கிய பிறகே, நஞ்சான ஈய வெள்ளை மெல்ல மெல்ல ஒதுங்கியது. 1946-ல் திருவிதாங்கூரும் திருவனந்தபுரத்தில் ஒரு டைட்டானியம் நிறுவனத்தைத் தொடங்கியது. ஜிர்கானின் வேலை வேறு. அதை மாவாக அரைத்து டைல்ஸின் மேற்பூச்சில் சேர்த்தால், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டிய பூச்சு பால் வெள்ளையாக நிற்கும். நாகர்கோவில் கடையில் வெள்ளை டைல்ஸைத் தடவிப் பார்க்கும் குளச்சல்காரரின் விரலில் படுவது, அவர் ஊர்க் கரையில் ஒதுங்குகிற அதே வகைக் கனிமம்.

அந்த மணலை அள்ளுவதால் கடலரிப்பு வரும், கதிர்வீச்சு பரவும் என்ற அச்சம் கரையோர மக்களுக்கு உண்டு. அதையும் மனதில் வைத்துத்தான் வெள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய மோஸ்தர் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல டைல்ஸை உடைத்துக் கொட்டுவது சின்ன விஷயம் அல்ல.

சென்ற வாரம் கூரை ஓட்டோடு நின்ற இந்தத் தொடர், இந்த வாரம் அடுக்களைக்குள் நுழைகிறது. வீட்டிலேயே வயதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான். பழக்கூடையும் தேநீர்க் கோப்பையும் அச்சிட்ட ‘ஹைலைட்டர்’ டைல்ஸ் சுவரில் இருந்தால், வீடு எந்தக் காலத்தில் எழுந்தது என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பிறகு கண்ணாடிபோல் மின்னும் கருஞ்சிவப்புக் கதவுகள் வந்தன. அதன்பின் எல்லாமே சாம்பல் நிறம். அமெரிக்காவில் 1960, 70-களில் அவகாடோப் பச்சையில் அடுப்பும் ஃபிரிட்ஜும் வாங்கிக் குவித்தார்கள். பிறகு அந்த நிறமே பழைய வீட்டின் அடையாளம் ஆகிப்போனது.

பழசானாலும் பழசாகத் தெரியாத பொருளைப் பார்க்கக் குளச்சல்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1741-ல் குளச்சல் கரையில் டச்சுக்காரர்களை வென்ற மார்த்தாண்ட வர்மா எடுத்துக் கட்டிய அரண்மனை. 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இது கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருக்கிறது. அங்குள்ள ஊட்டுப்புரையில் மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அரண்மனைத் தரைகளோ கறுப்புக் கண்ணாடிபோல இன்றும் முகம் காட்டுகின்றன. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். இத்தனை தலைமுறைக் கால்கள் நடந்தும் அதன் அழகு குறையவில்லை.

காரணம், அந்தக் கறுப்பு தரையின் உடம்போடு சேர்ந்தது. அடுக்களைக்குப் பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: நிறம் மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே ஊறியிருக்கிறதா? சன்மைக்கா ஒட்டிய கதவின் முனை பெயர்ந்தால் உள்ளே பழுப்புப் பலகை பல்லைக் காட்டும். படம் அச்சிட்ட டைல்ஸ் சிதறினாலும் அதே கதை. கறுப்பு கிரானைட் விளிம்பில் கொஞ்சம் உடைந்தாலும் உடைந்த இடமும் கறுப்பு. பலாப் பலகையை இழைத்தால் உள்ளேயும் பலாதான். மஞ்சளாக வந்த மரம் வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும், அது மெருகே தவிர முதுமை அல்ல. சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரையும் இந்த இனம்தான். இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நிறம். வெயிலில் வெளுக்காது, தேயத் தேய வழுவழுக்கும். கைதேர்ந்த கொத்தனார் அமையாவிட்டால் தலைமுடிபோல விரிசல் விடும் என்பது மட்டும் அதன் குறை.

கடற்கரை அடுக்களைக்குக் கூடுதல் சோதனைகள் உண்டு. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். உப்புக்காற்றுக்கு ஓய்வே இல்லை. போதாததற்குத் தேங்காயும் மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் புளி கரைத்து வைக்கும் மீன் குழம்பு. வெள்ளை மார்பிள் மேடையில் அந்தப் புளி ஒருமுறை சிந்தினால் போதும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கிவிடும். கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனம்தான், நாளாக நாளாக வெளிறும். கிரானைட்டைப் புளியும் எலுமிச்சையும் ஒன்றும் செய்வதில்லை. அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் கருங்கல்லைத் தேர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

இப்போது பலரும் கேட்கும் ‘குவார்ட்ஸ்’ மேடை பாறையை அப்படியே அறுத்து எடுத்ததல்ல. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து இறுக்கிய பலகை. கறை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய மீன்சட்டியை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். அதைவிடப் பெரிய விஷயம், அதை அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடை செய்ததற்கு அதுவே காரணம். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, குறைவான அளவில். எந்தக் கல்லை அறுத்தாலும் தண்ணீர் விட்டு, முகமூடி போட்டு அறுக்கச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

அலமாரிக்கு எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இந்த ஈரத்தில் ஊதிப்போகும். ஆசாரியிடம் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் என்று குறிப்பாகச் சொல்லலாம்; அயனி மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, படகுக்கே ஆகி வந்த மரம் அது. சிங்க்குக்கு 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். கீல், கைப்பிடி போன்றவைதான் முதலில் துருப்பிடித்துக் கதவையே கிழடாக்கும். ஆகவே பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல.

நிறத்துக்கும் காரணம் இருக்க வேண்டும் என்று நினைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த அடுக்களை, ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அமைந்தது. இன்றைய ‘மாடுலர் கிச்சன்’ அதன் வழிவந்ததே. மாவு இழுப்பறைக்குப் புழு அண்டாத ஓக் மரம், நறுக்கும் பலகைக்குப் பீச் மரம். கதவுகளுக்கு நீலம், ஈ அந்த நிறத்தில் உட்காராது என்று அன்று நம்பினார்கள். மீன் அறுக்கும் ஊர்களுக்கு அந்த அக்கறை நன்றாகவே புரியும்.

குளச்சல் அடுக்களையிலும் நீலத்துக்கோ பச்சைக்கோ தடையில்லை, அது சுவர்ப் பெயிண்டில் இருக்கும்வரை. இரண்டு நாள் வேலை, பிடிக்காவிட்டால் அடுத்த ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ மாற்றிவிடலாம். மேடையும் தரையும் அப்படி அல்ல. அடுப்புக்குப் பின்சுவரில் வெள்ளை டைல்ஸ் தாராளமாக ஒட்டலாம். மஞ்சள் கறை தங்குவது டைல்ஸில் அல்ல, இடையில் பூசும் வெள்ளைச் சிமெண்டில்தான். அங்கே சாம்பல் நிற எப்பாக்ஸி பூசினால் தீர்ந்தது. வெயில் விழும் ஜன்னல் இருந்தால் இன்னும் வசதி, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

ஒட்டி முடித்ததும் மீதி டைல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் ஒரு பெட்டியைப் பரணில் ஏற்றிவைப்பது நல்லது. பெட்டியின் மேல் அச்சிட்ட ஷேட் எண்ணையும் கிழிக்காமல் வைக்க வேண்டும். அடுத்த சூளையில் வேகும் வெள்ளை இதே வெள்ளையாக இருக்காது.

(தொடரும்)

அடுத்த வாரம்: கிணற்றடி