12 வருஷம் இருந்தால் கடை சொந்தமாகுமா? டீக்கடை 'சட்ட'த்தால் கெடும் குடும்பங்கள்

ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. அவருடைய தகப்பனார் சுந்தரம் அய்யர் இதே ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர்.

வக்கீல்களுக்கு இந்தப் பக்கம் இன்றைக்கும் பஞ்சம் இல்லை. டீக்கடை பெஞ்சுக்கு ஒருவர் இருக்கிறார்! திருச்சுழி, அருப்புக்கோட்டை எங்கே உட்கார்ந்தாலும் இது காதில் விழும்:

"பன்னெண்டு வருஷம் ஒரே எடத்துல இருந்துட்டா, எடம் நமக்குத்தாண்ணே. எவனும் அசைக்க முடியாது!"

இதை நம்பி இரண்டு பக்கமும் கெடுகிறார்கள். வாடகைக்காரர் 13-வது வருஷம் வாடகையை நிறுத்துகிறார். கடைசியில் கடையே போகிறது. இடத்துக்காரரோ, ஒழுங்காக வாடகை கொடுப்பவரை 11-வது வருஷமே "காலி பண்ணுப்பா" என்கிறார். எல்லாம் பயம்தான்.

காணாமல் போன வார்த்தை

1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில், 65-வது ஷரத்தில் 12 வருஷக் கணக்கு இருப்பது நிஜம். ஆனால் அது வெறும் அனுபோகத்துக்கு அல்ல, 'எதிரிடை' அனுபோகத்துக்கு. அந்த ஒரு வார்த்தையை பெஞ்சு வக்கீல் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டார்!

எதிரிடை என்றால் என்ன? உரிமையாளரிடம் "இது உன் இடம் இல்லை, என் இடம்" என்று, ஊரறிய, இடைவிடாமல் 12 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

வாடகை கொடுப்பவர் மாதாமாதம் "இடம் உங்களுடையது" என்று ஒப்புக்கொள்கிறார். அதில் எதிரிடை ஏது? வாடகைக்காரராக 40 வருஷம் இருந்தாலும் அவர் வாடகைக்காரரே.

உத்தரப்பிரதேச வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜனவரியில் இதையே சொன்னது. 1975-ல் போட்ட வழக்கு அது. தீர்ப்பு வர 49 வருஷம்!

11 மாத ரகசியம்

"அதுக்குத்தானே 11 மாச அக்ரிமெண்ட்?" என்பார்கள். அதுவும் தப்பு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்க வந்ததே 11 மாதம்.

கோவில் இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த 12 கணக்கே கிடையாது. 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 109-வது பிரிவு அதை அடைத்துவிட்டது. சர்க்கார் இடம் என்றால் கணக்கு 12 அல்ல, 30.

உஷார்!

இடத்துக்காரரும் தூங்கக் கூடாது. வாடகை உறவு முடிந்ததென்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு 12 வருஷம் வழக்குப் போடாமல் இருந்தால், 67-வது ஷரத்துப்படி வழக்குப் போடும் உரிமை போய்விடும்.

வாடகை கொடுங்கள், ரசீது கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இரண்டு பேருக்கும் காவல். சந்தேகம் வந்தால் பெஞ்சு வக்கீலிடம் டீ மட்டும் குடித்துவிட்டு, கோர்ட்டு வக்கீலைப் போய்ப் பாருங்கள்!