பெட்ரோல் பங்க்கில் காசுக் கணக்கு



பெட்ரோல் விலையில் ரூபாய்க்குப் பின்னால் காசும் வரும். ஆனால் 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அப்படியானால் அந்தக் காசு எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மெஷின் எப்படிக் கணக்கிடுகிறது?
மெஷினுக்குள் ஒரு மீட்டர் இருக்கிறது. பெட்ரோல் ஓடும்போது அது சுற்றும். சுற்றை எண்ணி லிட்டராக்கி, அதை விலையால் பெருக்கித் திரையில் காட்டும்.

ரூபாய்க்குப் போட்டால்
ஒரு லிட்டர் 101 ரூபாய் 40 காசு என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாய்க்குப் போட்டால் 50 ÷ 101.40 = 0.4931 லிட்டர். திரையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான், அதனால் 0.49 என்று காட்டும். 0.49 × 101.40 = 49.69 தானே, 31 காசு எங்கேன்னு சண்டைக்குப் போகாதீங்க! அந்த 31 காசுக்கான 3 மில்லியும் டேங்கில் விழுந்திருக்கும். திரையில்தான் தெரியாது.

லிட்டருக்குப் போட்டால்
எங்க அப்பா பால் கேன் கட்டி மொபெட்டில் போகிறவர். தினமும் அரை லிட்டர் போடுவார். அரை லிட்டர் 50 ரூபாய் 70 காசு. 51 ரூபாய் கொடுத்தால் மீதி 30 காசுக்கு நாணயமே இல்லை. ஒரு நாளைக்கு 30 காசு என்றால் 30 நாளைக்கு 9 ரூபாய். இதைக் காட்டியதும் அப்பா, "இனிமே ரூபாய்க்கே போடுறேன் பாப்பா" என்றார்.

ஆக, மெஷின் சுருக்குவது எண்ணை மட்டும்தான். காசைச் சுருக்குவது நம்ம கைதான்.

நினைவில் வைங்க:
1. போடும் முன் திரையில் 0 இருக்கான்னு பாருங்க.
2. சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி உண்டு.
3. சில்லறை மிஞ்சாதபடி முழு ரூபாய்க்குப் போடுங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: லிட்டர் 100 ரூபாய் 80 காசு. 100 ரூபாய்க்குப் போட்டால் திரையில் எத்தனை லிட்டர் காட்டும்? விடையைக் கணக்கு டீச்சரிடம் காட்டுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி