ஏரியைத் தாண்டி மருந்து பறக்குமா?



பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுக் கிராமங்களுக்குப் படகே பழைய வழி. ஏரியில் ஆழம் குறைவு. கோடையில் நீர் வற்றினால் படகு தரைதட்டும். பாம்புக்கடி மருந்து அவசரமாய் வேண்டுமென்றால் ஆளில்லா விமானத்தில், அதாவது ட்ரோனில், அனுப்பலாகாதா என்ற எண்ணம் பலருக்கும் எழும்.

நம் நாட்டில் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று, மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குக் கொரோனா தடுப்பூசி ட்ரோனில் சென்றது. சாலை வழி 26 கிலோமீட்டர், வான்வழி 15. பிடித்த நேரம் 12 முதல் 15 நிமிடம்.

ட்ரோனையும் தரையில் இருப்பவரையும் இணைப்பது ரேடியோ அலை. பல ட்ரோன்களில் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இத்தனை குறுகிய அலை ஏறக்குறைய ஒளியைப்போல நேர்கோட்டில் செல்லும். நடுவே மலை நின்றால் அதன் பின்னே நிழல் விழும். முகட்டில் சிறிது வளைந்து இறங்கினாலும் பலம் வெகுவாய்க் குறைந்துவிடும். சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு.

பழவேற்காட்டில் மலை இல்லை. ஆனாலும் சிக்கல் உண்டு. மலைச்சரிவு செய்வதை இங்கே நீர்ப்பரப்பு செய்கிறது; கண்ணாடிபோல் அலையைத் திருப்பிவிடுகிறது. மேலும், 15 கிலோமீட்டர் தூரத்துக்கு அலை பலத்தோடு சேரவேண்டுமானால், பாதையின் நடுவில் சுற்றிலும் ஏறத்தாழ 22 மீட்டர் தடையின்றி இருக்கவேண்டும். உயரே பறக்கையில் இது எளிது. தீவில் இறங்கும்போதோ பூமியின் வளைவும், மரங்களும், வீடுகளும் மறைக்கின்றன. மருந்து கைக்கு வரவேண்டிய அந்த நிமிடத்தில்தான் தொடர்பு அறுந்துபோகும்!

இதற்கு வழிகள் உண்டு. தரையிலுள்ள ஆண்டெனாவை உயர்ந்த கம்பத்தில் ஏற்றலாம். தீவிலேயே இன்னொரு கருவியை வைத்து, இறங்கும் வேளையில் பொறுப்பை அங்கே ஒப்படைக்கலாம். மலைநாட்டில் முகட்டின்மேல் ஒரு இடைநிலையம் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தொடர்பு அறுந்தால், செயற்கைக்கோள் வழிகாட்டலைக்கொண்டு தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்படி ட்ரோனை முன்கூட்டியே அமைத்துவைக்கலாம்.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் ஏரியை ஒட்டியே இருப்பதால், இங்கே அரசின் முன் அனுமதியும் அவசியம்.

ஆகவே, ட்ரோனின் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கும்? தீவில் அதைப் பார்த்துக்கொள்ளப் பழகியவர் யார்? இவ்விரண்டும் சரியானாலும் படகை விட்டுவிட முடியாது. மருந்து பறந்து போகலாம். பிரசவ வேதனையில் இருக்கும் தாயைக் கரைசேர்ப்பது படகுதான்.