நற்செயல் டைரியை எழுதினது யாரு?

என் பையன் சாரணர் படையில் சேர்ந்த புதுசில், "பேட்ஜ் வாங்கணும்ப்பா" என்றான். வடசேரி கடையில் கிடைக்கிற சாமான் என்றுதான் நானும் நினைத்தேன்.

பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவானது. அதில் சாரணனுக்கு முதலில் பிரவேஷ். பிறகு பிரதம, துவிதீய, திருதீய சோபான்கள். அதற்கும் மேலே ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் ராஷ்டிரபதி விருது. சோபானம் என்றால் படி. 1956 வரை மலையாளக் கரையோடு இருந்த நம்ம ஊர்க்காரங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம்.

அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் குருளையர் படையில், பிள்ளை செய்ததைப் பார்த்துவிட்டுப் பெற்றோரே கையெழுத்துப் போடலாம். இங்கே சோதிப்பது சாரண ஆசிரியர். மேல்படிகளுக்குத் தனியாகச் சோதனை முகாமே உண்டு. அப்போ அப்பா அம்மாவுக்கு என்ன வேலை? பிரவேஷிலேயே வந்துவிடுகிறது. பையன் ஒரு மாதம் வீட்டில் தினமும் ஒரு நற்செயல் செய்து டைரியில் எழுத வேண்டும். ஆசிரியர் வீட்டுக்குள் வந்து பார்க்க முடியாதே. நாமதான் சாட்சி.

நான் சறுக்கினது அங்கேதான். டைரி கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, பாதிக்கு மேல் காலி. "விடு மக்ளே, நான் சொல்லுகேன், நீ எழுது" என்றேன். அரை மணி நேரத்தில் பதினேழு நற்செயல்! அதில் ஒன்று, கனகமூலம் சந்தையிலிருந்து அம்மாவுக்குப் பை தூக்கினது.

"சந்தையில என்னடே வாங்கினீங்க?" என்று ஆசிரியர் கேட்டாராம். "அப்பா சொன்னாங்க, எழுதினேன் சார்." அவர் திட்டவில்லை. அடுத்த மாசம் கொண்டு வரச் சொல்லிவிட்டார். கூட்டிவரப் போன எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

பிறகு பிரதம சோபானுக்கு முடிச்சுகள். கிளவ் ஹிட்ச், படத்தைப் பார்த்து எனக்கே வரவில்லை. அவன் அம்மா பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். நாரை விரலில் சுழற்றிக் காம்பில் மாட்டுவாங்களே, அந்தக் கண்ணி. அதையே ஒரே பக்கமாக இரண்டு தடவை கம்பில் மாட்டி இழுத்தால் கிளவ் ஹிட்ச்! அவள் மெதுவாக ஒரு தடவை கட்டிக் காட்டினாள். அவிழ்த்துக் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு, பூவுக்குத் திரும்பிவிட்டாள். அவன் ராத்திரி வரை ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அவன் திரும்ப எழுதின டைரி இப்பவும் வீட்டில் இருக்கிறது. நாலு நாள் வெறும் தாள். அஞ்சாவது நாள்: "இன்னைக்கு மறந்து போச்சு."