8 எம்பி ராம் இருந்தும் மெமரி போதவில்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி “ராம் எவ்வளவு சார்?” என்பதுதான். 8 ஜிபி என்றால் முகம் மலர்கிறது. 16 ஜிபி என்றால் இன்னும் கொஞ்சம் மலர்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மெஷினில் இருக்கிற மெமரி வேறு, புரோகிராமுக்குக் கிடைக்கிற மெமரி வேறு. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது மாமல்லபுரத்தில் ஒரு கற்சிலைப் பட்டறையில் இருந்த 486 கம்ப்யூட்டர். பழைய டாஸ் புரோகிராமை இன்னும் விட முடியாமல் வைத்திருப்பவர்களுக்கும், அப்பா காலத்துக் கணக்கைப் புது லேப்டாப்பில் திறக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

1999-ல் நான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் ஸ்தபதியிடமிருந்து போன். “தம்பி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு லாரி வருது. பட்டியல் பிரிண்ட் எடுக்கணும். மெமரி இல்லைன்னு சொல்லுது” என்றார். வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்குச் செய்த சிலைகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். எந்தப் பெட்டியில் எந்தச் சிலை, எத்தனை கிலோ என்ற விவரம் முழுவதும் அந்த மெஷினுக்குள் மட்டுமே இருந்தது. பெட்டிகளை ஆணி அடித்து மூடியும் ஆகிவிட்டது. திரும்பப் பிரித்து எடை போடுவது நடக்கிற காரியமா?

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்சில் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. பட்டறையில் உளிச் சத்தம் ஓயவில்லை. மெஷினைத் திறந்தேன். உள்ளே கல் தூசு படிந்திருந்தது. கடற்கரை ஊர்களில் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்து ராம் கார்டின் பற்களைக் கறுக்க வைத்துவிடும். ‘அதுதான் கோளாறு’ என்று முடிவு கட்டி, கார்டைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் பற்களைத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஸ்விட்ச் போட்டதும் திரையில் 8192 கேபி வரை எண்ணி முடித்தது. அதாவது 8 எம்பியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் புரோகிராமை இயக்கினால் மறுபடியும் மெமரி போதவில்லை என்ற அதே செய்தி.

அப்போதுதான் “புதுசா ஏதாவது மாட்டினீங்களா ஐயா?” என்று கேட்டேன். இதை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். போன வாரம் பையனுக்காக சிடி டிரைவ் ஒன்று பொருத்தினார்களாம்.

இனி, டாஸ் எப்படி மெமரியைப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பிராசசர் மொத்தமாக 1 எம்பி, அதாவது 1024 கேபி மெமரியைத்தான் கையாள முடியும். அதில் முதல் 640 கேபியைப் புரோகிராம்களுக்கும், மீதி 384 கேபியை வீடியோ கார்டு, பயாஸ் ரோம் சிப் போன்றவற்றுக்கும் ஒதுக்கினார்கள். முதல் பகுதிக்குக் கன்வென்ஷனல் மெமரி என்று பெயர், இரண்டாவது அப்பர் மெமரி. பிறகு 1982-ல் 286, 1985-ல் 386 என்று பிராசசர்கள் வளர்ந்தன. 1 எம்பிக்கு மேலும் ராம் பொருத்தலாம் என்றானது. அது எக்ஸ்டென்டட் மெமரி. ஆனால் சாதாரண டாஸ் புரோகிராம் அந்தப் பழைய 640 கேபிக்குள்தான் உட்காரும். 8 எம்பி இருந்தாலும் அதற்கு அது தெரியாது.

இந்த 640 கேபியும் முழுதாகக் கிடைப்பதில்லை. டாஸ், மவுஸ் டிரைவர், நெட்வொர்க் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் முதலில் வந்து அங்கேயே இடம் பிடித்துவிடும். ஸ்தபதியின் பட்டறையிலேயே இதற்கு உதாரணம் இருந்தது. முடித்த சிலைகளை எல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். புதுக் கல் உள்ளே வர வழியில்லை. பின்கட்டோ காலியாகக் கிடந்தது!

டாஸ் பிராம்ப்டில் மெம் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, /சி /பி என்று சேர்த்து என்டர் தட்டினால் எந்தப் புரோகிராம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் பக்கம் பக்கமாக வரும். (கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.) கடைசி வரிகளில் ‘லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் புரோகிராம் சைஸ்’ என்று ஒரு எண் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே 488 கேபி என்று காட்டியது. கிளிப்பரில் எழுதப்பட்ட அந்தக் கணக்குப் புரோகிராமுக்கு 520 கேபி வேண்டும். சிடி டிரைவுக்காக வந்த இரண்டு புரோகிராம்களும் சேர்ந்து 46 கேபி எடுத்துக் கொண்டிருந்தன. கணக்கு நேராகிவிட்டது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்திருப்பான். நான் என் திறமையைக் காட்ட நினைத்தேன்.

1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5-லிருந்தே ஒரு வசதி உண்டு. அப்பர் மெமரியில் கார்டுகள் பயன்படுத்தாமல் விட்ட காலி இடங்களில் டிரைவர்களை ஏற்றிவிடலாம். அதற்கு இஎம்எம்386 என்ற புரோகிராம் வேண்டும். கான்பிக்.சிஸ் பைலைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தேன். சேவ் செய்து மெஷினை மறுபடி இயக்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினாலும் அசையவில்லை. ஸ்தபதி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நல்ல வேளையாக அது எம்எஸ்-டாஸ் 6.22. மெஷினை நிறுத்தி மறுபடி போட்டு, ‘ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்’ என்று வரும்போதே எப்8 கீயை அழுத்தினேன். அப்படி அழுத்தினால் கான்பிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டிலும் உள்ள ஒவ்வொரு வரியையும் ‘இயக்கவா, வேண்டாமா?’ என்று கேட்டுக் கேட்டுப் போகும். இஎம்எம்386-க்கு வேண்டாம். சிடி தொடர்பான இரண்டுக்கும் வேண்டாம். மற்றதற்கெல்லாம் சரி. இப்போது 534 கேபி. புரோகிராம் திறந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிறீச்சிட்டுக் கொண்டே பட்டியலைத் தள்ளியபோது மணி ஏழரை.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைக்க விரும்பினால் எப்8-ஐ வைத்துக் கொள்ளுங்கள். எப்5 அழுத்தினால் இரண்டு பைல்களையும் முழுவதுமாக ஒதுக்கிவிட்டு டாஸ் கிளம்பும். பைலில் கை வைக்கும் முன் இரண்டையும் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, பூட் ஆகக்கூடிய பிளாப்பி ஒன்றையும் தயார் செய்திடவும். நான் அன்றைக்கு இதில் எதையும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போனேன். மெஷின் ஏன் நின்றது? பட்டறைக்கும் கடைக்கும் இடையே நெட்வொர்க் போட்டிருந்தார்கள். அந்த நெட்வொர்க் கார்டு அப்பர் மெமரியில் டி000 என்ற முகவரியிலிருந்து 16 கேபி இடத்தைத் தனக்கென்று வைத்திருந்தது. இஎம்எம்386 அதைக் காலி இடம் என்று நினைத்து எடுத்துக் கொண்டது. கார்டோடு வந்த காகிதத்தில் ஜம்பர் அட்டவணையைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தைத் தொடாதே என்று சொல்ல எக்ஸ்= என்ற ஸ்விட்ச் உண்டு. கான்பிக்.சிஸ் பைலின் முக்கியமான வரிகள் இப்படி அமைந்தன:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.இஎக்ஸ்இ நோஇஎம்எஸ் எக்ஸ்=டி000-டி3எப்எப்
டாஸ்=ஹை,யுஎம்பி

வரிசை முக்கியம். எக்ஸ்டென்டட் மெமரியைத் திறந்துவிடுவது ஹைமெம். அது முதலில் வந்தால்தான் இஎம்எம்386 வேலை செய்யும். மூன்றாவது வரியில் ‘ஹை’ என்பது டாஸின் பெரும் பகுதியை 1 எம்பிக்கு அடுத்த 64 கேபி பகுதிக்கு அனுப்பிவிடும். ‘யுஎம்பி’ என்பது அப்பர் மெமரி இடங்களை டாஸ் நிர்வகிக்கச் சொல்லும். நோஇஎம்எஸ் என்றால் எக்ஸ்பேன்டட் மெமரி தேவையில்லை என்று பொருள். அதனால் 64 கேபி கூடுதலாகக் காலியாகும். உங்கள் புரோகிராம் எக்ஸ்பேன்டட் மெமரி கேட்டால் நோஇஎம்எஸ்சுக்குப் பதில் ராம் என்று எழுதுங்கள்.

இதன் பிறகு, மேலே ஏற்ற வேண்டிய டிரைவர் வரிகளில் டிவைஸ் என்பதை டிவைஸ்ஹை என்று மாற்ற வேண்டும். ஆட்டோஎக்ஸெக்.பேட் பைலில் உள்ள புரோகிராம்களுக்கு முன்னால் எல்ஹெச் என்று சேர்த்தால் போதும். ஒரு சிக்கல் உண்டு. அப்பர் மெமரி ஒரே துண்டாக இருக்காது. பெரிய டிரைவரை முதலில் ஏற்றாவிட்டால், சின்னவை எல்லாம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கொண்டு பெரியதற்கு இடம் விடாது. நெட்வொர்க் டிரைவரை மட்டும் நான் கீழேயே விட்டுவிட்டேன். ஒரு முறை பட்டது போதும். முடிவில் 576 கேபி கிடைத்தது. சிடியும் ஓடியது, கணக்கும் திறந்தது.

“இதற்கெல்லாம் மெம்மேக்கர் இருக்கிறதே?” என்று அனுபவசாலிகள் கேட்கலாம். 1993-ல் டாஸ் 6 உடன் வந்த அந்தப் புரோகிராம், எந்த டிரைவரை எங்கே வைக்கலாம் என்று தானே கணக்கிட்டு இரண்டு பைல்களையும் மாற்றி எழுதும். நல்ல புரோகிராம்தான். பிடிக்காவிட்டால் மெம்மேக்கர் /அன்டூ என்று கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் இதைப் போன்ற கார்டுகள் இருந்தால் அது என்ன நினைக்கும் என்று சொல்ல முடியாது. முகவரியைக் கையால் எழுதிக் கொடுப்பதே எனக்கு நிம்மதி.

இப்போது புது லேப்டாப் வாங்கியவர்கள் விஷயத்துக்கு வருவோம். 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமை நேரடியாக இயக்க முடியாது. இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது என்று சொல்லிவிடும். அதற்காக ராம் கூட்டிப் பயனில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமை நிறுவினால், அது விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் மெஷினையே உருவாக்கித் தரும். அதன் செட்டிங் பைலில் மெம்சைஸ், எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ், யுஎம்பி என்று நான்கு வரிகளைத் தேடுங்கள். மேலே படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. முதலாவது 16 என்றும் மற்றவை ட்ரூ என்றும் முன்பே அமைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வேறு பதிப்பு வசதியானது. பழைய மெஷினையே வைத்திருக்க விரும்புபவர்களுக்கு ப்ரீடாஸ் இருக்கிறது. அதில் ஹைமெம், இஎம்எம்386 இரண்டின் வேலையையும் ஜெம்எம்எக்ஸ் என்ற ஒரே டிரைவர் செய்துவிடும்.

டாஸ்பாக்ஸை உருவாக்கியவர்களின் நோக்கம் பழைய விளையாட்டுகளை இயக்குவதுதான். அதனால் அதில் கணக்கைத் திறந்து பார்க்கலாம், தினசரி பில் போடுவது உசிதமல்ல என்பது என் கருத்து. ஸ்தபதியின் மகன் அப்படித்தான் செய்கிறார். பழைய கணக்கு டைரக்டரியை முழுவதுமாக லேப்டாப்புக்கு நகலெடுத்துக் கொடுத்தேன். .டிபிஎப் பைல்களை மட்டும் எடுத்தால் போதாது. கூடவே இருக்கும் .டிபிடி பைல்களில்தான் குறிப்புகள் இருக்கும்; .என்டிஎக்ஸ் பைல்கள் இன்டெக்ஸ். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வெறும் பார்வைக்கு என்றால் .டிபிஎப் பைலை லிப்ரேஆபீஸ் கால்க்கிலேயே நேரடியாகத் திறக்கலாம். ஆனால் நகலில் மட்டும் திறந்து பாருங்கள். தெரியாமல் சேவ் செய்து பைலின் அமைப்பு மாறிவிட்டால் கிளிப்பர் புரோகிராம் அதைத் திறக்காமல் போகலாம்.