இரும்புக்கை மாயாவியும் ஓவியர் பிளாஸ்கோவும்

தோற்றுவாய்

ஓவியரைப் பழந்தமிழ் நூல்கள் 'கண்ணுள் வினைஞர்' என்னும் அரிய பெயரால் சுட்டுகின்றன. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்பது அப்பெயருக்கு உரையாசிரியர் காட்டும் பொருள். தொழில் கண்ணில் நிற்கும். ஆயின் தொழில் செய்தவர் பெயர் நெஞ்சில் நிற்குமா?

சங்கப் புலவருள் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்தம் பாட்டில் அமைந்த தொடரே பெயராகிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என அவர்களை வழங்கி வருகிறோம். பாட்டு வாழ்ந்தது, பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. இதனையொத்த ஒரு நிலை இருபதாம் நூற்றாண்டில் நம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியின் அச்சகங்கள் வழியே பரவிய படக்கதை உலகிலும் காணப்படுகிறது. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரைக் கேட்ட அளவில் ஐம்பது வயது கடந்த தமிழர் பலரும் முகம் மலர்வர். அம்மாயாவிக்கு முதன்முதலில் உருக்கொடுத்த ஓவியர் யார் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவ்வோவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய கலைவாழ்வையும், அது சிவகாசியோடு கொண்ட உறவையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் பயிற்சியும்

பிளாஸ்கோ 1919ஆம் ஆண்டு பார்சிலோனா நகரில் பிறந்தார். இளம் பருவத்திலேயே, 1935ஆம் ஆண்டளவில், அவருடைய சித்திரங்கள் சிறுவர் இதழ்களில் அச்சேறின. 'குட்டோ' என்னும் துணிவுமிக்க சிறுவனை அவர் படைத்ததும் அக்காலத்திலேயே. அடுத்த ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939 வரை நீடித்த அப்போரில் பிளாஸ்கோ குடியரசுத் தரப்பின் படையில் பணிபுரிய நேர்ந்தது. தூரிகை பிடிக்க வேண்டிய கை துப்பாக்கி பிடித்தது.

போருக்குப் பின் 'சிக்கோஸ்' என்னும் சிறுவர் இதழில் குட்டோ மீண்டும் தோன்றிப் பெரும்புகழ் பெற்றான். பெண் குழந்தைகளுக்கென அவர் வரைந்த 'அனிதா திமினுதா' என்னும் சிறுமியின் கதையும் வீடுதோறும் அறியப்பட்டது. அமெரிக்க நாளிதழ்ப் படக்கதை ஓவியர்களான அலெக்ஸ் ரேமண்ட், மில்டன் கேனிஃப் ஆகியோரின் செல்வாக்கை அவருடைய கோடுகளில் காணலாம். ரேமண்டிடம் காணப்படும் உடலமைப்பின் செம்மையும், கேனிஃபிடம் காணப்படும் கருமை வெண்மை ஆட்சியும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன.

பிளாஸ்கோவின் இல்லமே ஓர் ஓவியக்கூடமாக விளங்கியது. அலெஹாந்த்ரோ, அத்ரியானோ, அகுஸ்தோ என்னும் உடன்பிறந்தாரும், தங்கை பிலியும் ஓவியர்களே. அண்ணன் தொடங்கியதைத் தம்பியர் நிறைவு செய்தலும், வேலையைப் பங்கிட்டுக் கொள்ளுதலும் அங்கு இயல்பாயின. ஒரு குடும்பமே ஒரு தொழிலைக் கைக்கொண்டு வாழ்தல் சிவகாசி மக்களுக்குப் புதிதன்று. ஆதலின் பிளாஸ்கோவின் வாழ்க்கை நமக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

மாயாவியின் பிறப்பு

1950களில் பிரித்தானியப் படக்கதை வார இதழ்கள் பல்கிப் பெருகின. வாரந்தோறும் பக்கங்களை நிரப்ப ஓவியர் பலர் தேவைப்பட்டனர். போரால் நலிந்திருந்த ஸ்பெயினில் ஊதியம் குறைவு. லண்டன் தரும் ஊதியமோ அதனினும் மிகுதி. முகவர் வழியாக ஸ்பானிய ஓவியர் பலர் தம் நாட்டிலிருந்தவாறே லண்டன் இதழ்களுக்கு வரைந்தனுப்பினர். பிளாஸ்கோவும் அவருள் ஒருவர். முதலில் அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரைவீரர் கதைகளை வரைந்தார்.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஃபிளீட்வே நிறுவனத்தின் 'வேலியண்ட்' வார இதழ் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இதழிலேயே 'எஃகு நகம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் ஒரு தொடர் வெளிவந்தது. கதையை எழுதியவர் கென் புல்மர். பின்னர் டாம் டல்லி எழுதினார். படம் வரைந்தவர் பிளாஸ்கோ.

கதைத்தலைவன் லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்தப்பட்டவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த மற்றுமொரு விபத்தின்போது மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அதுமுதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் உடல் கண்ணுக்குப் புலப்படாது மறையும். எஃகுக்கை மட்டும் மறையாது. தொடக்கத்தில் இவன் நல்லவன் அல்லன். கிட்டிய ஆற்றலைத் தீமைக்குப் பயன்படுத்திப் பின் திருந்தியவன். பிற்காலத்தில் உளவுப்படை ஒன்றில் சேர்ந்து நாட்டுக்கு உழைக்கிறான். அமெரிக்க மீவீரர் கதைகளின் மோகம் ஓங்கிய 1960களின் பிற்பகுதியில் சில காலம் அவனுக்கு முகமூடியும் தனியுடையும் அணிவித்தனர். பின்னர் அவை களையப்பட்டன. வேலியண்ட் இதழில் பல ஆண்டுகள் இத்தொடர் வாழ்ந்தது. மாயாவி கதைகள் அனைத்தையும் பிளாஸ்கோ ஒருவரே வரைந்தார் அல்லர். பிற ஓவியரும் இடையிடையே வரைந்துள்ளனர். எனினும் மாயாவியின் முகமும் நடையும் பிளாஸ்கோ வகுத்தவையே.

மறைந்தவனை வரையும் திறன்

படக்கதை ஓவியனுக்குத் தலைவனின் முகமே முதற் கருவி. அச்சம், சினம், உவகை அனைத்தையும் முகத்தில் காட்டலாம். தலைவன் மறைந்துவிட்டால் ஓவியன் என் செய்வான்? எஞ்சி நிற்பது ஒரு கை மட்டுமே. அக்கை கதவின் பிடியைப் பற்றும் பாங்கில் எச்சரிக்கையையும், விரல்கள் சுருங்கி நிற்கும் நிலையில் சினத்தையும், தளர்ந்து தொங்கும் தோற்றத்தில் சோர்வையும் பிளாஸ்கோ புலப்படுத்தினார். எதிரே நிற்பவரின் விரிந்த கண்கள் மறைந்தவன் நிற்கும் இடத்தைக் காட்டின. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் மரபில் வந்த நாம், ஒரு கையினாலேயே மெய்ப்பாடு காட்டிய இத்திறத்தை வியவாதிருக்க இயலாது.

அவருடைய நகர வீதிகளும் நிலத்தடிப் பாதைகளும் மின்நிலையங்களும் ஒளிப்படம்போல் மெய்ம்மை வாய்ந்தவை. சூழல் மெய்யாக இருந்தமையால்தான் அதனிடையே வெற்றுவெளியில் மிதந்து செல்லும் கை நம்பத்தக்கதாயிற்று. இவை யாவும் கருமை ஒன்றே கொண்டு மலிவான தாளில் அச்சிடப்படுவதற்காக வரையப்பட்டவை. வண்ணம் இல்லாத இடத்தில் நிழலே வண்ணமாயிற்று. எளிய தாளிலும் சிதையாத இவ்வலிய கருங்கோடுகளே பின்னாளில் சிவகாசிப் பதிப்புக்கும் ஏற்றவையாக அமைந்தன.

சிவகாசிக்கு வந்த கை

மழை குறைந்த கரிசல் நிலத்தில் அமைந்த சிவகாசி, தொழிலால் தன்னை வளர்த்துக்கொண்ட ஊர். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி இங்கு அத்தொழிலை நிறுவினர். 1940களில் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சுத்தொழில் கிளைத்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவரும் வரைந்த படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி நாடெங்கும் சென்றன.

இத்தகைய ஊரில் படக்கதை வெளியீடும் தோன்றியதில் வியப்பில்லை. எம். சௌந்திரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ், 1972ஆம் ஆண்டு தன் முதல் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி'யை வழங்கியது. அதன் தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். அவருடைய மகன் எஸ். விஜயன் அல்லர், நிறுவனர் சௌந்திரபாண்டியனின் மகனே விஜயன். அவர் 1984ஆம் ஆண்டு இளம்வயதிலேயே லயன் காமிக்சைத் தொடங்கினார். முத்து காமிக்ஸ் 2022ஆம் ஆண்டில் பொன்விழாக் கண்டது.

'எஃகு நகம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அத்தலைப்பு தமிழர் நெஞ்சில் தங்கியிராது. 'மாயாவி' என்னும் சொல் நம் பாட்டிமார் கதைகளில் பழகிய சொல். 'இரும்புக்கை' உழைப்பாளர் ஊருக்கு உரிய சொல். இரண்டும் இணைந்ததும் கிராண்டேல் தமிழனானான். வார இதழில் சிறு பகுதிகளாக வந்த கதை, இங்கு முழுக்கதையாக ஒரே நூலில் கிடைத்தது. பள்ளிப்பாடத்தில் தடுமாறிய சிறுவரும் மாயாவிக்காக எழுத்துக் கூட்டிப் படித்தனர். படக்கதை படித்தால் படிப்புக் கெடும் என்று கடிந்த பெற்றோர் உண்டு. ஆயினும் விரைந்து வாசிக்கும் பழக்கத்தை அவை வளர்த்தன என்பதை அன்றைய சிறுவர் பலர் இன்று நன்றியுடன் நினைவுகூர்வர்.

இங்கு ஒன்றை எண்ணாமல் இருக்க இயலவில்லை. விபத்தில் கையிழந்தவன் வீரனாவது கதை. வெடிமருந்தோடு நாள்தோறும் பழகும் நம் பகுதியில் விபத்து கதையன்று. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாயாவிக்கு எஃகுக்கை பொருத்த ஒரு கதாசிரியர் இருந்தார். இங்குக் காயமுற்ற கைகளுக்கு அத்தகைய மாற்றுக்கை எளிதில் கிட்டுவதில்லை.

பெயர் மறைந்த கைகள்

பிளாஸ்கோ உழைத்த காலத்துப் பிரித்தானிய வார இதழ்களில் எழுத்தாளர் பெயரோ ஓவியர் பெயரோ அச்சிடப்படுவது வழக்கமன்று. பக்கத்துக்கு இவ்வளவு என ஊதியம். உரிமை முழுதும் நிறுவனத்துக்கு. கதை எத்தனை நாடுகளில் மறுபதிப்பானாலும் வரைந்தவர்க்கு உரிமைத்தொகை இல்லை. 1977ஆம் ஆண்டு தொடங்கிய '2000 ஏ.டி.' என்னும் இதழே படைப்பாளர் பெயரை முறையாக அச்சிடும் வழக்கத்தை அங்குப் பரவச் செய்தது. அதற்குள் மாயாவி தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டான். உடல் மறைந்து கை மட்டும் தெரிந்த தலைவனை வரைந்தவர், தாமும் அவ்வாறே ஆனார். உலகு கண்டது அவர் கைவண்ணத்தை மட்டுமே.

பிளாஸ்கோ அதனால் சோர்ந்து அமரவில்லை. பிரெஞ்சு மொழி இதழ்களுக்கும் இத்தாலியப் பதிப்பகத்துக்கும் வரைந்தார். முதுமையிலும் தூரிகையைக் கைவிடவில்லை. 1995ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மறைந்தார். எஃகுக்கைக் கதை 2021ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் தொகுப்பு நூலாக வெளிவந்தபோது, எழுதியவர் பெயரோடு பிளாஸ்கோவின் பெயரும் இடம்பெற்றது. நீதி தாழ்த்து வந்தது, எனினும் வந்தது.

நம் ஊர்க் கைகளுக்கு அந்நீதி வந்ததா? லயன், முத்து காமிக்ஸ் அட்டைகளை வரைந்த மாலையப்பன் போன்ற ஓவியரைப் படக்கதை ஆர்வலர் அறிவர். கொண்டையராஜு தம் படங்களில் ஒப்பமிட்டார். ஆதலின் வரலாறு அவரை அறியும். ஆனால் தீப்பெட்டிச் சீட்டில் மயிலும் புலியும் தீட்டியவர் எவர்? பட்டாசுக் கட்டின்மேல் சிரிக்கும் குழந்தையை வரைந்தவர் எவர்? கணிப்பொறி வருமுன் நிறங்களைப் பிரித்து அச்சுக்கு வரைந்தளித்தவர் எவர்? சீட்டில் நிறுவனத்தின் பெயர் உண்டு. வரைந்தவர் பெயர் இல்லை.

நிறைவுரை

பெயர் பொறித்தல் தற்பெருமையன்று. உழைப்புக்கு அளிக்கும் சான்று. சங்கப் புலவரின் பெயர் மறைந்ததற்குக் காலத்தின் நெடுமையைக் காரணம் கூறலாம். நம் கண்முன் வாழ்ந்த ஓவியரின் பெயர் மறைந்தால் அதற்கு நாமே பொறுப்பாவோம்.

எனவே மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: பழைய தீப்பெட்டிச் சீட்டுகளையும் நாட்காட்டிகளையும் படக்கதை நூல்களையும் கண்டால் எறிந்துவிடாதீர்கள். தொகுத்து வையுங்கள், வரைந்தவர் யாரெனக் கேட்டு எழுதி வையுங்கள். இம்மலரைப் படிக்கும் பெரியோர்களே, உங்கள் தெருவிலோ உறவிலோ அத்தொழில் செய்தவர் இருப்பின், அவர் பெயரையும் அவர் வரைந்தவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பார்சிலோனாவின் ஓவியரை நாம் அறிந்துகொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆயின. பக்கத்துத் தெரு ஓவியரை அறிய அத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டா.