உப்பு மூட்டையும் வெந்நீர்ப் பையும்

கிளியனூர், மரக்காணம் பக்கத்து ஊர்களில் கல் உப்புக்குக் குறைவே இல்லை. முழங்கால் வலித்தால் வாணலியில் உப்பை வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது தமிழ்நாட்டு வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் பிசியோதெரபி நிலையங்களில் வெந்நீர்த் தொட்டியிலிருந்து கனமான பை ஒன்றை எடுத்து, துண்டில் சுற்றி, வலிக்கும் இடத்தில் வைக்கிறார்கள். இதுதான் ஈர ஒத்தடம். உப்பில் இல்லாத சிறப்பு நீரில் என்ன இருக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் 1 டிகிரி செல்சியஸ் குளிரும்போது 1 கலோரி வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிராம் உப்போ சுமார் 0.2 கலோரிதான் தரும். ஆகவே, ஒரு கிலோ நீர் 70 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறினால் 30,000 கலோரி கிடைக்கும். ஒரு கிலோ உப்பிலிருந்து கிடைப்பது சுமார் 6,000 கலோரியே!

இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் கற்களுக்கு இடையே காற்று இருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும்.

அப்படியானால் வெந்நீரை மட்டும் பையில் ஊற்றினால் போதாதா? நிலையங்களில் பயன்படும் கித்தான் பையினுள் பெரும்பாலும் பென்டோனைட் என்னும் களிமண் இருக்கும். இது நம் நாட்டில் ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் கிடைக்கிறது. நீரை உறிஞ்சி உப்பிக் கூழ்போல ஆகிவிடும். கூழில் நீர் சுற்றி ஓடாது. அதனால் வெப்பம் மெதுவாக, நெடுநேரம் வெளிவரும். தொட்டியில் உள்ள தெர்மோஸ்டாட், நீரைச் சுமார் 71 முதல் 74 டிகிரியில் நிறுத்தி வைக்கும். வாணலி உப்புக்கு இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும். ஆகவே அது 100 டிகிரியைத் தாண்டிச் சுட்டாலும் பார்த்தால் தெரியாது.

எழுபது டிகிரிப் பையை நேரே தோலில் வைத்தால் வெந்துவிடும். அதனால்தான் 6 முதல் 8 மடிப்புத் தேங்காய்ப்பூத் துண்டைச் சுற்றி, 15 அல்லது 20 நிமிடம் வைக்கிறார்கள். துண்டில் சிக்கிய காற்றே காவல். பையின் மேல் படுத்தால் அந்தக் காற்று நசுங்கி வெளியேறும், சூடு ஏறிவிடும். ஆகையால் படுக்கக் கூடாது. ஒத்தடத்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த ஓட்டம் கூடுகிறது, தசை தளர்கிறது. ஆனால் சூடு சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் இறங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காவல் நம் உணர்ச்சி. "சுடுகிறது" என்று சொல்ல முடிகிறவருக்கு ஆபத்துக் குறைவு. தொழுநோயாலோ நீரிழிவாலோ நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இதனால்தான் ஒத்தடத்துக்கு முன், நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, வெந்நீரும் தண்ணீரும் உள்ள இரு சோதனைக் குழாய்களால் தொட்டு, "எது சூடு?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா பாட்டி இருக்கிறார்களா? அவர்கள் காலில் எந்தச் சூட்டு ஒத்தடமும் வைக்கும் முன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்திலும் சூடு வேண்டாம். உப்போ, நீரோ, அளவோடு இருந்தால்தான் சூடு மருந்தாகும்.